ரெண்டு சிஸ்டத்தை நேரா லேன் ஒயர்ல கட்டி ஃபைல் ஷேர் பண்றப்போ வர்ற பேஜார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் சின்ன போட்டோ ஸ்டுடியோ, டிடிபி கடை, எம்.சி. ரோடு துணிக்கடை பில்லிங் கவுண்டர்னு பார்த்தா பெரும்பாலும் ரெண்டே சிஸ்டம் தான் இருக்கும். அதுக்கு ஸ்விட்ச், ரௌட்டர்னு தனியா வாங்காம நடுவுல ஒரு லேன் ஒயரை சொருகி வேலையை ஓட்டுவாங்க. நல்லா ஓடும், ஓடாதப்போ தான் தலைவலி. சர்வீஸ்க்கு வர்றவங்க திரும்ப திரும்ப கேக்குற கேள்வியை எல்லாம் இங்க போட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், கீழ இருந்து மேல போங்க: முதல்ல ஒயர், அப்புறம் ஐபி (நெட்வொர்க்ல ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இருக்கற நம்பர்), அப்புறம் பிங் (எதிர் சிஸ்டம் பதில் தருதான்னு பாக்கற கமாண்ட்), அப்புறம் ஃபயர்வால் (வெளிய இருந்து வர்றதை தடுக்கற காவல்), அப்புறம் பாஸ்வேர்ட், கடைசியா பர்மிஷன். முக்காவாசி பேர் எடுத்த உடனே ஷேரிங் செட்டிங்ஸ்ல கையை வெச்சு, யூடியூப்ல சொன்னான்னு கண்டதை ஆஃப் பண்ணி, கடைசில எது பிரச்சனைன்னே தெரியாம பண்ணி வெச்சிடறாங்க.

ரெண்டு சிஸ்டத்தை நேரா கட்டணும்னா கிராஸ் ஒயர் தான் வேணுமாமே, சாதா ஒயர் போதாதா?

போதும். கிராஸ் ஒயர் எல்லாம் பழைய 100 எம்பிபிஎஸ் கார்டு காலத்து கதை. கிகாபிட் போர்ட் வந்ததுக்கு அப்புறம் எந்த ஜோடில அனுப்பணும் எந்த ஜோடில வாங்கணும்னு போர்ட்டே பேசி முடிவு பண்ணிக்கும். ரெண்டுல ஒண்ணு கிகாபிட்டா இருந்தாலே அனேகமா ஓடிரும். ரெண்டு பக்கமும் ரொம்ப பழைய கார்டா இருந்தா மட்டும் கிராஸ் ஒயர் தேவைப்படும், அதுக்கும் ஒரு பக்கம் 1-3, 2-6 கம்பிகளை மாத்தி கிரிம்ப் பண்ணா (ஒயர் முனைல பிளக்கை அழுத்தி மாட்டினா) போதும்.

ஒயர் சொருகிட்டேன், லைட்டே எரியல. போர்ட் போச்சாணா?

போர்ட் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒயரை மாத்தி பாருங்க. பிராட்பேண்ட் பாக்ஸ்ல இருக்கற ஒயரை கழட்டி இதுல போட்டு பாக்கறது தான் சுலபமான டெஸ்ட், அது ஏற்கனவே ஓடிட்டு இருக்கற ஒயர்னு தெரியும்ல. அதுலயும் எரியலன்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர் பக்கத்துல மஞ்சள் கலர் ஆச்சரியக்குறி இருக்கா பாருங்க, இருந்தா டிரைவர். அடாப்டர் பேரே இல்லன்னா பயாஸ்ல (சிஸ்டம் ஸ்டார்ட் ஆகறப்போ உள்ள போற செட்டிங்ஸ்) லேன் ஆஃப் ஆகி கெடக்கலாம்.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு ஸ்பெஷல் வியாதி இருக்கு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னு கடலை ஒட்டி இருக்கற கடைங்கள்ல உப்புக்காத்து பட்டு லேன் போர்ட் உள்ள இருக்கற அந்த எட்டு பின்னும் மங்கிடும், ஒரு சிலதுல பச்சை பூத்து நிக்கும். மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, எட்டும் ஒரே வரிசையா பளபளன்னு இருக்கணும். ஒண்ணு உள்ள அமுங்கி இருந்தாலோ பச்சையா இருந்தாலோ அது தான் ஆள். மிஷினை ஆஃப் பண்ணி, பவர் கார்டையும் புடுங்கிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை மெல்லிசு பிரஷ்ல தொட்டு லேசா தேச்சு, நல்லா காய விட்டு அப்புறம் ஒயரை சொருகுங்க. தண்ணி, தேங்காய் எண்ணெய், சென்ட் எதுவும் வேணாம் (அடிக்கறாங்க, அதான் சொல்றேன்).

இன்னொன்னு, சீப்பா கெடைக்குதேன்னு மீட்டர் கணக்குல வாங்கற ஒயர்ல பாதி அலுமினியத்து மேல செம்பு பூசினது. ஒரு தடவை மடங்கினா உள்ள ஒடிஞ்சிரும், மேல தோல் அப்படியே இருக்கும். முழு செம்பு கேட் 5இ இல்லன்னா கேட் 6 ஒயரா கேட்டு வாங்குங்க.

லைட் எரியுது, ஆனா "அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க், நோ இன்டர்நெட்"ங்குது. இது ஃபால்ட்டா?

இல்ல. நடுவுல ரௌட்டர் இல்ல, அப்போ இன்டர்நெட் எங்கிருந்து வரும்? அது அப்படி தான் காட்டும். அந்த மஞ்சள் முக்கோணத்தை பார்த்துட்டு ஒயரை திரும்ப திரும்ப புடுங்கி போடாதீங்க, கிளிப் தான் ஒடியும்.

ஐபி பார்த்தா 169.254ன்னு என்னமோ நம்பர் வருது, நான் எதுவும் போடலயே?

ஐபி குடுக்க ரௌட்டர் இல்லாதப்போ விண்டோஸே தனக்கு ஒரு நம்பர் போட்டுக்கும், அது எப்பவும் 169.254ல தான் ஆரம்பிக்கும். ரெண்டு பக்கமும் அந்த மாதிரி வந்தா அதுலயே கூட ஷேரிங் ஓடும், ஆனா நம்பர் வர லேட் ஆகும், என்னைக்காவது மாறவும் செய்யும், அப்புறம் நேத்து போன ஷார்ட்கட் இன்னைக்கு போகாது. அதனால கையால போட்டுடறது தான் நல்லது.

கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்டு ஷேரிங் சென்டர், சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ், ஈதர்நெட் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஐபி வெர்ஷன் 4. ஒரு சிஸ்டத்துல 192.168.50.1, இன்னொண்ணுல 192.168.50.2, ரெண்டுலயும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளிய இன்டர்நெட்டுக்கு போற வழி), டிஎன்எஸ் ரெண்டையும் காலியா விடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே நம்பரை போட்டுட்டு ஏன் வரலன்னு கேக்கறவங்களும் இருக்காங்க, கடைசி நம்பர் மட்டும் வேற வேறயா இருக்கணும்.

லேன் ஒயர் சொருகினதும் வைஃபை நெட் கட் ஆகுது, ஒயரை எடுத்தா வருது. ஏன்?

ஒண்ணு, லேன்ல கேட்வே போட்டு வெச்சிருப்பீங்க, சிஸ்டம் இன்டர்நெட்டுக்கும் அந்த வழியா போகப் பார்க்கும். எதிர் சிஸ்டம் நம்பரை கேட்வேல போட்டா "அன்ஐடென்டிஃபைட்" போயிடும்னு ஒரு டிரிக் சுத்துது, அதை பண்ணவங்களுக்கு தான் பெரும்பாலும் இந்த கம்ப்ளைண்ட் வரும். இல்லன்னா உங்க வைஃபை ரௌட்டரும் 192.168.1ல இருக்கும், லேனுக்கும் அதே 192.168.1ஐ போட்டிருப்பீங்க, எந்த வழியா போறதுன்னு தெரியாம சிஸ்டம் முழிக்கும். மேல நான் 50ன்னு போட்டதுக்கு காரணமே இது தான், வீட்டு ரௌட்டர் அந்த வரிசைல இருக்கறது ரொம்ப அபூர்வம்.

பிங் பண்ணா ஒரு பக்கம் ரிப்ளை வருது, இன்னொரு பக்கம் வரல. ஒயர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுமா?

செய்யாது. ஒரு பக்கம் ரிப்ளை வந்தாலே ஒயர், ஐபி ரெண்டும் ஓகே, ஏன்னா போனது திரும்பியும் வந்திருக்கு. ரிப்ளை தராம உக்காந்திருக்கற சிஸ்டத்தோட ஃபயர்வால் தான் பிரச்சனை.

பிங்ல வர்ற மெசேஜை படிங்க, அதுலயே பாதி விடை இருக்கு. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு வந்தா எதிர் சிஸ்டம் அந்த ஒயர்ல இருக்கறதே தெரியல, அப்போ ஒயரையும் ஐபியையும் பாருங்க. "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்"னு வந்தா எதிராளி இருக்கான், கதவை சாத்திட்டு பதில் சொல்லாம இருக்கான், அதாவது ஃபயர்வால்.

விண்டோஸுக்கு அடையாளம் தெரியாத எந்த நெட்வொர்க்கும் பப்ளிக் தான், பப்ளிக்னா ஷேரிங்கும் பிங்கும் வெளிய இருந்து உள்ள வர விடாது. ரெண்டு சிஸ்டத்துலயும் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட்னு போய் பிரைவேட்னு மாத்துங்க. சில சமயம் அந்த ஆப்ஷனே காட்டாது, இல்ல மாத்தினாலும் ரீஸ்டார்ட் பண்ணதும் பழையபடி பப்ளிக்னு வந்து நிக்கும். ப்ரோ எடிஷனா இருந்தா லோக்கல் செக்யூரிட்டி பாலிசி திறந்து, நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பாலிசிஸ் உள்ள அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதை பிரைவேட்னு வெச்சிட்டா நிரந்தரமா நிக்கும். ஹோம் எடிஷன்ல அந்த பாலிசி ஸ்க்ரீன் கெடையாது, அதுல ஃபயர்வால் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங் ரூல்ஸ்ல எஸ்எம்பி-இன் (எஸ்எம்பின்னா விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பேசற முறை), எக்கோ ரிக்வெஸ்ட் (அதான் பிங்) ரெண்டையும் பப்ளிக்குக்கும் எனேபிள் பண்ணி, ஸ்கோப்ல எதிர் சிஸ்டத்தோட ஐபி ஒண்ணை மட்டும் போடுங்க. ஸ்கோப் போடாம தொறந்து விட்டுட்டு அதே லேப்டாப்பை சென்ட்ரல் ஸ்டேஷன் வைஃபைல போட்டா பக்கத்துல உக்காந்திருக்கறவன் உங்க ஷேர் ஃபோல்டர் கதவை தட்டலாம்.

மொத்த ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணலாமான்னா, டெஸ்டுக்கு ஒரு நிமிஷம் பண்ணி பாருங்க, பிரச்சனை அங்கதான்னு தெரிஞ்சதும் உடனே ஆன் பண்ணிட்டு மேல சொன்ன மாதிரி செய்யுங்க. காசு குடுத்து வாங்கின ஆன்டிவைரஸ் சிலதுக்கு தனி ஃபயர்வால் இருக்கும், விண்டோஸ்ல எல்லாம் சரியா இருந்தும் பிங் வரலன்னா அதையும் பாருங்க.

பிங் போகுது, ஆனா நெட்வொர்க்ல அந்த சிஸ்டம் பேரே காட்டல.

காட்டலன்னா விட்டுடுங்க. அந்த லிஸ்ட் எப்பவுமே நம்பிக்கை இல்லாத லிஸ்ட். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அட்ரஸ் பார்ல \\192.168.50.2ன்னு நேரா அடிங்க, ஷேர் ஃபோல்டர் வந்துரும். வந்ததும் ரைட் கிளிக் பண்ணி மேப் நெட்வொர்க் டிரைவ் போட்டுட்டா டிரைவ் மாதிரியே நிக்கும். பேர் வந்தே ஆகணும்னா சர்வீசஸ்ல ஃபங்ஷன் டிஸ்கவரின்னு ஆரம்பிக்கற ரெண்டையும் ஆட்டோமேட்டிக்ல வெச்சு, நெட்வொர்க் டிஸ்கவரியை ஆன் பண்ணுங்க. ஹோம்குரூப் எங்க போச்சுன்னு தேடாதீங்க, விண்டோஸ் 10ல 2018லயே அதை தூக்கிட்டாங்க.

நேரா அடிச்சும் 80070035ன்னு எர்ரர் வந்தா பாதை கிடைக்கலன்னு அர்த்தம். பிங் ஓகேன்னா எதிர் சிஸ்டத்துல 445ஆம் போர்ட் (ஃபைல் ஷேரிங் உள்ள வர்ற வாசல்) அடைச்சிருக்கு, இல்ல ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங் ஆஃப்ல இருக்கு.

யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குது, நான் பாஸ்வேர்டே வெச்சதில்லயேணா!

வெக்காதது தான் பிரச்சனை. பாஸ்வேர்ட் இல்லாத அக்கவுண்ட்டை நெட்வொர்க் வழியா விண்டோஸ் உள்ள விடாது, சிஸ்டம் முன்னாடி உக்காந்து திறக்கறதுக்கு மட்டும் தான் அது செல்லும். இன்னொரு கோஷ்டி, நாலு நம்பர் பின் போட்டு திறக்கறவங்க, அதே பின்னை இங்கயும் போடறாங்க. பின் அந்த ஒரு மிஷினுக்கு மட்டும் தான், நெட்வொர்க்ல வேலைக்கு ஆகாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போறவங்க முழு மெயில் ஐடியும் அந்த மெயில் அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டும் போடணும், அது முக்கால்வாசி பேருக்கு ஞாபகமே இருக்காது, மகன் போட்டு குடுத்திருப்பான்.

ஃபைல் இருக்கற சிஸ்டத்துல ஷேரிங்குக்குன்னே தனியா ஒரு லோக்கல் யூசர் போடுங்க, இது தான் நான் எல்லாருக்கும் சொல்றது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட், அப்புறம் "இவர் சைன்-இன் விவரம் என்கிட்ட இல்ல"ங்கற லிங்க், அடுத்து "மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாம யூசர் சேர்"ங்கற லிங்க். சின்னதா ஒரு பேர், ஸ்பேஸ் இல்லாம, நல்ல பாஸ்வேர்ட். எதிர் சிஸ்டத்துல கேக்கறப்போ கம்ப்யூட்டர் பேர், ஒரு \ கோடு, அப்புறம் யூசர் பேர்னு அடிச்சு, ஞாபகம் வெச்சுக்கோன்னு டிக் பண்ணுங்க. கடைல பையன் மாறினாலும் அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் மாத்தினா போதும், உங்க மெயில் பாஸ்வேர்ட் ஊர் முழுக்க தெரிய வேணாம்.

பாஸ்வேர்ட் பக்காவா சரி, நோட்பேட்ல அடிச்சே காப்பி பண்ணேன், ஆனாலும் ஏத்துக்கல.

முதல்ல கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல அந்த ஐபி பேர்ல பழசு ஏதாச்சும் சேவ் ஆகி இருந்தா தூக்குங்க. நீங்க புதுசு அடிச்சாலும் உள்ள அது பழசையே நீட்டிட்டு இருக்கும். 1219ன்னு எர்ரர் வந்தா அதே சிஸ்டத்துக்கு ஏற்கனவே வேற யூசர் பேர்ல கனெக்‌ஷன் திறந்திருக்கு, மேப் பண்ண டிரைவை டிஸ்கனெக்ட் பண்ணிட்டு லாக் ஆஃப் பண்ணி வாங்க.

அதுக்கும் அடங்கலன்னா ஒரு கேள்வி: ரெண்டு சிஸ்டமும் ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்து குளோன் அடிச்சதா? நம்ம பக்கம் இது சகஜம், ஒண்ணுல விண்டோஸ், சாஃப்ட்வேர் எல்லாம் போட்டு முடிச்சிட்டு அதையே அடுத்ததுக்கு இமேஜ் அடிச்சு குடுத்துருவாங்க. அப்படி அடிச்சா ரெண்டு மிஷினுக்கும் உள்ளுக்குள்ள ஒரே அடையாள எண், எஸ்ஐடின்னு சொல்லுவாங்க. வருஷக்கணக்கா அது யாரையும் கடிக்கல. 2025 ஆகஸ்ட் கடைசில இருந்து வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுங்க அதை செக் பண்ண ஆரம்பிச்சதும், ஒரே எஸ்ஐடி உள்ள ரெண்டு மிஷின் ஒண்ணுக்கொண்ணு லாகின் ஆக முடியாம போச்சு. பாஸ்வேர்ட் தப்புன்னே காட்டிட்டு இருக்கும், நீங்க எத்தனை தடவை மாத்தினாலும். கம்ப்யூட்டர் பேரை மாத்தினா இது சரியாகாது. ஒண்ணுல விண்டோஸை புதுசா போடணும், குளோன் அடிக்கறவங்க இனிமே சிஸ்ப்ரெப் (அந்த அடையாள எண்ணை புதுசாக்கற விண்டோஸ் டூல்) ஓட்டிட்டு அடிக்கணும்.

நேத்து வரைக்கும் பாஸ்வேர்ட் இல்லாம ஓடிச்சு, அப்டேட் ஆனதும் நின்னு போச்சு.

"பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்" ஆஃப் பண்ணி கெஸ்ட்டா ஓட்டிட்டு இருந்திருப்பீங்க. விண்டோஸ் 11 ப்ரோல 2024ல வந்த 24எச்2ங்கற பெரிய அப்டேட்ல இருந்து கெஸ்ட்டா உள்ள போறதை தடுத்துட்டாங்க, அது மட்டும் இல்லாம ரெண்டு பக்கமும் டேட்டால கையெழுத்து போடணும்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க, கெஸ்ட்டுக்கு பாஸ்வேர்ட் இல்லாததால கையெழுத்தும் போட முடியாது. ரெஜிஸ்ட்ரில மாத்தி பழையபடி ஆக்கற வழி இருக்கு, நான் பண்றதில்ல. மேல சொன்ன தனி யூசரை போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

உள்ள போகுது, ஃபைல் திறக்குது, ஆனா சேவ் பண்ண விட மாட்டேங்குது.

ஒரு ஃபோல்டருக்கு ரெண்டு பூட்டு: ஷேரிங் டேப்ல ஒண்ணு, செக்யூரிட்டி டேப்ல ஒண்ணு. ரெண்டும் திறந்தா தான் எழுத முடியும், எது டைட்டா இருக்கோ அது தான் செல்லும். ஷேரிங்ல எல்லாம் குடுத்துட்டு செக்யூரிட்டியை மறந்துடறாங்க. ரெண்டுலயும் அந்த ஷேரிங் யூசரை சேர்த்து செக்யூரிட்டில மாடிஃபை, ஷேரிங்ல சேஞ்ச் குடுங்க. எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல் குடுக்கறது சோம்பேறித்தனம், அதுவும் மொத்த டி டிரைவையே ஷேர் பண்றது இன்னும் மோசம். வேலைக்கு தேவையான ஒரு ஃபோல்டர் போதும்.

கடைல ஒரு எக்ஸ்பி சிஸ்டம் இருக்கு, பழைய பிரிண்டர் அதுல தான் ஓடும். அதை விண்டோஸ் 10ஓட கட்டலாமா?

எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டும் தான் தெரியும். 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் உலகம் பூரா ஃபைலை பூட்டி காசு கேட்டுச்சே, அது பரவினது அந்த எஸ்எம்பி 1ல இருந்த ஓட்டை வழியா தான், அதே வருஷக் கடைசில விண்டோஸ் 10ல அதை டீஃபால்ட்டா போடாம விட்டுட்டாங்க. விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல டிக் பண்ணா வந்துரும், ஆனா இன்டர்நெட்ல இருக்கற சிஸ்டத்துல அதை ஆன் பண்ணி வெக்காதீங்க. நல்ல பென் டிரைவ் ஒண்ணை அதுக்குன்னு ஒதுக்குங்க. விண்டோஸ் 7ன்னா இந்த பிரச்சனை இல்ல, எஸ்எம்பி 2லயே பேசும்.

கிகாபிட் போர்ட்னு சொல்லி வித்தான், காப்பி செகண்டுக்கு 11 எம்பில ஓடுது.

ஈதர்நெட் ஸ்டேட்டஸ்ல ஸ்பீடு பாருங்க, 100 எம்பிபிஎஸ்னு இருக்கும். கிகாபிட்டுக்கு ஒயர்ல எட்டு கம்பியும் வேணும், 100க்கு நாலு போதும், அதனால அந்த நாலு தவிர மிச்சதுல ஒரு கம்பி கிரிம்பிங்ல சரியா மாட்டலன்னாலும் கனெக்‌ஷன் கட் ஆகாம 100க்கு இறங்கி ஓடிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. நூறு ஜிபி கல்யாண வீடியோ 11 எம்பில போனா ரெண்டரை மணி நேரம், சரியான கிகாபிட்ல 110 எம்பி வரும், கால் மணி நேரம் தான். ஒயரோட ரெண்டு முனை பிளக்கையும் வெட்டிட்டு புதுசா கிரிம்ப் பண்ணுங்க.

1 ஜிபிபிஎஸ்னு காட்டியும் மெதுவா போனா ஒயரை திட்டாதீங்க. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கே செகண்டுக்கு 80, 90 எம்பிக்கு மேல எழுதாது. ஆயிரக்கணக்குல குட்டி குட்டி போட்டோவா போனாலும் ஸ்பீடு விழும், ஒவ்வொண்ணுக்கும் திறந்து மூடற வேலை இருக்குல்ல. லேன் போர்ட் இல்லாத ஒல்லி லேப்டாப்புக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கினா யூஎஸ்பி 3, கிகாபிட்னு பார்த்து வாங்குங்க.

யூஎஸ்பி ஒயர் ரெண்டு பக்கமும் சொருகற மாதிரி இருக்கே, அதுல கட்டலாமா?

ரெண்டு பக்கமும் சாதா பெரிய பின் உள்ள ஒயரை ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல போடவே போடாதீங்க, ரெண்டுமே 5 வோல்ட் தள்ளும், போர்ட் போயிரும். நடுவுல சிப் வெச்ச பிரிட்ஜ் கேபிள் வேற. ரெண்டு லேப்டாப்லயும் தண்டர்போல்ட் இருந்தா தண்டர்போல்ட் ஒயர்ல நேரா நெட்வொர்க் வரும், லேனை விட வேகம்.

ஒரு பக்கம் மேக், ஒரு பக்கம் விண்டோஸ்?

ஐபி அதே மாதிரி தான். மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங்ல ஃபைல் ஷேரிங் ஆன் பண்ணி, ஆப்ஷன்ஸ் உள்ள விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கு கீழ உங்க அக்கவுண்ட்டை டிக் பண்ணுங்க, இந்த டிக்கை தான் எல்லாரும் விட்டுடறாங்க. மேக்ல இருந்து விண்டோஸுக்கு போக ஃபைண்டர்ல கனெக்ட் டு சர்வர், எஸ்எம்பி://192.168.50.2, எஸ்எம்பியை மட்டும் இங்கிலீஷ்ல அடிங்க.

காப்பி பாதில நின்னு போகுது.

எதிர் சிஸ்டம் தூங்கிப் போச்சா பாருங்க, ஸ்லீப்பை நெவர்னு வெச்சு, டிவைஸ் மேனேஜர்ல லேன் கார்டு பவர் மேனேஜ்மென்ட்ல "பவர் சேவ் பண்ண ஆஃப் பண்ணிக்கலாம்"ங்கற டிக்கை எடுங்க. ஒரு குறிப்பிட்ட பெரிய ஃபைல்ல மட்டும் நிக்குதுன்னா, ஷேர் பண்ணது பென் டிரைவா இருந்து அது ஃபேட் 32ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது. பெரிய வேலைக்கு விண்டோஸ்லயே இருக்கற ரோபோகாப்பி கமாண்டை யூஸ் பண்ணுங்க, ரீஸ்டார்ட்டபிள் மோட்ல ஓட்டினா கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்துல இருந்து புடிச்சுக்கும்.

எதிர் வீட்டு மாடில இன்னொரு சிஸ்டம் இருக்கு, தெருவுக்கு மேல ஒயர் இழுத்துடவா?

லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் போகும், அதனால தூரம் தடை இல்ல. சாதா ஒயர் வெயில்ல தோல் வெடிச்சு மழைல தண்ணி குடிக்கும், இடி இடிச்சா ரெண்டு பக்க போர்ட்டும் சேர்ந்து போகும், கம்பத்து லைன் பக்கத்துல போனா உயிருக்கே ஆபத்து. ரெண்டு வேற வேற பில்டிங்னா ஃபைபர் போட்டு ரெண்டு முனைலயும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் ஒயரோட சேர்க்கற பெட்டி) வைங்க, ஃபைபர்ல கரண்ட் பாயாது. ஆனா ஸ்டீல் கம்பி வெச்ச ஃபைபர் வேணாம், பிளாஸ்டிக் கம்பி உள்ளதா கேட்டு வாங்குங்க.